மலிவு சிப் பங்குகள்: லாபத்தைப் பார்க்குமுன் கிடங்கைப் பாருங்கள்

ஒரு டாலருக்கும் குறைவாக விற்கும் மைக்ரோகண்ட்ரோலரில் (கருவிகளை இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டு சிப்) என்ன பெரிதாக மிஞ்சிவிடப் போகிறது என்று தோன்றலாம். வேஃபர் (சிப்புகளை வெட்டியெடுக்கும் வட்டமான சிலிக்கான் தட்டு) கணக்கைப் போட்டுப் பாருங்கள். 300 மி.மீ. வேஃபரில் 100 சதுர மி.மீ. சிப் ஏறத்தாழ 640 தேறும். 10 சதுர மி.மீ. சிப் என்றால், வெட்டுக்கோடுகளுக்கான இடத்தைக் கழிக்காமல், 6,800-க்கு மேல். விளிம்பில் வீணாவது குறைவு. தூசி விழுந்து ஒன்று கெட்டாலும் போவது சின்னத் துண்டுதான். இயந்திரங்களின் தேய்மானமும் கணக்கில் எழுதி முடிந்த பழைய ஃபேபாக (சிப் தொழிற்சாலை) இருந்தால் இன்னும் நல்லது. மலிவு சிப்பில் லாப விகிதம் தாராளமாகவே இருக்கலாம்.

ஆபத்து சரக்கிருப்பில்தான். மைக்ரோகண்ட்ரோலர் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான மைக்ரோசிப்பின் விற்பனை 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சுமார் 763 கோடி டாலர். அடுத்த ஆண்டே 440 கோடி. சிப் தட்டுப்பாட்டுக் காலத்தில் வாடிக்கையாளர்கள் பயந்துபோய்த் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்தார்கள். அது தீரும்வரை புது ஆர்டர் ஏன் வரும்? 2024 டிசம்பர் காலாண்டு முடிவில் நிறுவனத்தின் கையிருப்பு 266 நாட்களுக்கானது. அமெரிக்காவின் டெம்பி நகரிலிருந்த ஃபேபை மூடும் முடிவும் அதே மாதம் வந்தது.

இந்த நாள் கணக்கை நீங்களே போடலாம். காலாண்டு முடிவின் சரக்கிருப்பை அந்தக் காலாண்டில் விற்ற சரக்கின் அடக்கச் செலவால் வகுத்து 91-ஆல் பெருக்குங்கள். இருப்பு 60 கோடி, செலவு 30 கோடி என்றால் 182 நாள். ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. எட்டுக் காலாண்டுகளை வரிசையாக எழுதி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். விநியோகஸ்தர்களிடம் தேங்கியிருப்பது இதில் வராது. அதை நிர்வாகம் காலாண்டுக் கூட்டத்தில் தனியாகச் சொல்லும். சொல்லாமல் மழுப்பினால் அதுவே ஒரு தகவல்.

சொந்த ஃபேப் வைத்திருப்பவர்களுக்கு உற்பத்தியைக் குறைத்தாலும் நிலையான செலவு குறையாது. மொத்த லாப விகிதம் சரியும். ஃபேப் இல்லாதவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை, ஆனால் தேவை குறைந்தாலும் வாங்க வேண்டிய வேஃபர் கொள்முதல் ஒப்பந்தங்கள் இருக்கும். ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் தேடுங்கள்.

பலர் ஏமாறுவது பிஇ விகிதத்தில், அதாவது பங்கு விலையை ஒரு பங்குக்கான ஆண்டு ஈட்டத்தால் (லாபத்தால்) வகுத்து வரும் எண்ணில். பங்கு விலை 60, ஈட்டம் 6 என்றால் பிஇ 10, மலிவாகத் தெரியும். சரிவில் ஈட்டம் 1, விலை 40 என்றால் பிஇ 40. அள்ளிக்கொள்ளத் தூண்டும் அந்தப் பத்துதான் பெரும்பாலும் உச்சம். ஐந்தாறு ஆண்டுகளின் சராசரி ஈட்டத்தை வைத்து வகுத்தால் இந்த மயக்கம் தெளியும்.

கணினிக்கான மலிவுப் பிராசசர் முற்றிலும் வேறு ஆட்டம். அதே மென்பொருள் போட்டியாளரின் சிப்பிலும் ஓடும் என்பதால், பெரிய ஃபேப் உள்ளவர் விலையை இறக்கினால் சின்னவர் தாங்கமாட்டார். மலிவுப் பிராசசர் நிறுவனமான சைரிக்ஸை 1997-ல் வாங்கிய நேஷனல் செமிகண்டக்டர், 1999-ல் அதை வியா என்ற தைவான் நிறுவனத்திடம் தள்ளிவிட்டது. இடையில் 1998-ல் இன்டெல் தன் மலிவுப் பிராசசரான செலரானை இறக்கியிருந்தது. மைக்ரோகண்ட்ரோலரை மாற்றுவது அத்தனை சுலபமல்ல: ஃபர்ம்வேரை (சிப்புக்குள் பதிந்த மென்பொருள்) திருத்த வேண்டும், போர்டை மறுபடி வரைய வேண்டும், சான்றிதழ் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். அந்தப் பிடியும் கெட்டியென்று நம்பிவிடாதீர்கள். எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸின் எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலர் வரிசையின் இடத்தில், இணைப்புக் கால்களின் (pin) அமைப்பு மாறாமல் பொருந்தும் ஜிடி32 சிப்புகளை சீன நிறுவனமான கிகாடிவைஸ் விற்கிறது. நீங்கள் வாங்க நினைக்கும் நிறுவனத்தின் அதிகம் விற்கும் சிப்புக்கு அப்படி ஒரு மாற்று இருக்கிறதா என்று தேட ஒரு மணி நேரம் போதும்.