1,000 கிலோமீட்டருக்கு 530 மில்லி

என் மாமனார் 26 வருஷம் லாரி ஓட்டியவர். பாலக்கோட்டுத் தக்காளி, கிருஷ்ணகிரி மாங்காய், சீசன் இல்லாத நாளில் கிடைத்த சரக்கு. காலையில் வாய் கொப்பளிக்கிறாரோ இல்லையோ, ஆயில் மட்டம் காட்டும் கம்பியான ஆயில் கேஜை உருவிப் பார்த்துவிட்டுத்தான் சாவி போடுவாராம். நான் கார் வாங்கிய ஜூன் மாதத்திலிருந்து வாரம் ஒரு தடவையாவது கேட்பார்: "ஆயில் பாத்தியாம்மா?"

"புது வண்டி மாமா. சர்வீஸ்ல பாத்துப்பாங்க."

எட்டு மாதம் இதே பதிலைச் சொல்லி ஓட்டினேன். நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள். இதைப் படிக்கும் என் மாணவர்கள் யாராவது இருந்தால் சிரித்துக்கொள்ளலாம்.

தர்மபுரியிலிருந்து இண்டூர் வழியாகப் பென்னாகரம், திரும்ப வீடு. தினம் 60 கிலோமீட்டர் சொச்சம். மாதம் ஒரு முறை சேலத்தில் அம்மா வீடு. 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 8 லட்சம் சொச்சத்துக்கு வாங்கியது. கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை, கேட்காதீர்கள். 10,000 கிலோமீட்டர் சர்வீஸ் பொங்கல் லீவில் முடிந்தது. 3.6 லிட்டர் புது ஆயில் ஊற்றியதாக பில்லில் இருக்கிறது. அப்போது மீட்டர் 10,140.

பிப்ரவரிக் கடைசி, செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை சேலம் கிளம்புகிறோம். நான் உள்ளே சேலை மடிப்பு வைத்துக்கொண்டிருக்கும்போது மாமா பானெட்டைத் திறந்துவிட்டார். வெளியே வந்தால், கேஜைத் துண்டு முனையில் துடைத்துத் துடைத்து மறுபடி விடுகிறார். மூன்றாவது தடவை என்னிடம் நீட்டினார். கீழ்ப் புள்ளிக்கும் கீழே, நுனியில் மட்டும் ஒரு சொட்டு.

"இத்த வச்சிக்கினு தொப்பூர் கணவாய் எறங்கப் பாத்தியே."

சேலம் போகவில்லை. பைபாஸில் ஒரு கடையில் 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் இரண்டு டின் வாங்கி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல் புள்ளிக்குக் கொண்டுவர 1,350 மில்லி பிடித்தது. மீட்டர் 12,980. அதாவது 2,840 கிலோமீட்டரில், சர்வீஸில் ஊற்றிய ஆயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணோம். இரவு காருக்கு அடியில் அட்டைப்பெட்டியை விரித்து வைத்தோம். காலையில் ஒரு புள்ளி கூட இல்லை. ஒழுகவில்லை என்றால் எரிகிறது.

டாஷ்போர்டில் அந்தச் சிவப்பு எண்ணெய்க் கிண்டி விளக்கு ஏன் எரியவில்லை என்று பலரும் கேட்டார்கள். அது ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் விளக்கே இல்லை, அழுத்தத்துக்கான விளக்கு. பம்பு உறிஞ்ச ஆயில் கிடைக்காமல் அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். அதற்குள் பேரிங்குகள் அடி வாங்கியிருக்கும். அளவைக் காட்டும் சென்சார் உள்ள கார்களும் உண்டு, என்னுடையதில் இல்லை. கேஜ்தான் ஒரே சாட்சி.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அட்வைசர் பையன் மரியாதையானவன்தான். ஆனால் ஐந்து நிமிடத்தில் நான்கு தடவை "நார்மல்தான் மேடம்" சொன்னான். "1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரைக்கும் போகலாம், மேனுவல்லயே இருக்கு." பிறகு, "சார் வந்தா டெக்னிக்கலா எக்ஸ்ப்ளெயின் பண்றோம்." சார் என்றால் என் கணவர். அவருக்கு பைக் தவிர எதுவும் ஓட்ட வராது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மேனுவலை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். இன்ஜின் ஓரளவு ஆயில் செலவழிப்பது இயல்பு என்று ஒரு வரி. எண் எதுவும் கிடையாது. 1 லிட்டர் என்று எண் போட்டே அச்சடிக்கும் கம்பெனிகள் உண்டு, என் காரின் மேனுவல் அப்படி இல்லை. மறுநாள் மின்னஞ்சல் அனுப்பினேன்: "நீங்கள் வாயால் சொன்ன அளவை எழுத்தில் தாருங்கள்." அந்த ஒரு வரிக்குப் பதில் வர ஒன்பது நாள் ஆனது. வந்த பதிலிலும் எண் இல்லை.

இடையில் நெட்டில் தேடியதில், அமெரிக்காவில் டொயோட்டாவின் 2.4 லிட்டர் இன்ஜின் ஒன்றுக்கு இதே வியாதி வந்த கதை கிடைத்தது. அங்கே வைத்த கணக்கு, 1,200 மைலுக்கு ஒரு குவார்ட். குவார்ட் என்றால் நம்மூர் டாஸ்மாக் குவார்ட்டர் இல்லை, ஏறக்குறைய 950 மில்லி. கிலோமீட்டருக்கு மாற்றினால் 1,000க்கு அரை லிட்டர் வருகிறது. அதைத் தாண்டிய கார்களுக்கு பிஸ்டனும் அதைச் சுற்றியிருக்கும் ரிங்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். என் கணக்கு 475 மில்லி. எல்லைக்கோட்டில் நிற்கிறேன்.

மாமாவுக்கு வேறு யோசனை. "20-40 கெட்டி ஆயில ஊத்து. தானா அடங்கும்." அவர் காலத்து லாரிகளுக்கு அது சரியாக இருந்திருக்கும். பாகுநிலை கூடினால் ரிங்குக்கு மேலே ஏறும் ஆயில் குறையலாம்தான். ஆனால் இந்த இன்ஜினில் வால்வு நேரத்தை மாற்றும் பகுதிக்குப் போகும் ஆயில் வழி நூல் மாதிரி சன்னம். அதைவிட முக்கியம் வாரண்டி. வேறு ஆயில் ஊற்றினால் நாமே அவர்கள் கையில் சாக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நோட்டு போட ஆரம்பித்தேன். ஞாயிறு காலை, ஒரே இடம், சமதரை, இன்ஜின் சூடேறி அணைத்துப் பத்து நிமிடம் கழித்து. கேஜைத் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, எடுத்து, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். புது ஆயில் நல்லெண்ணெய் நிறத்தில் இருப்பதால் எங்கே முடிகிறது என்றே தெரியாது. வெள்ளைத் தாளில் கேஜைப் படுக்க வைத்தால் ஈரம் நிற்கும் இடம் தாளில் தெரிந்துவிடும். அந்தத் தாள்களையே தேதி போட்டு ஒட்டி வைத்தேன்.

மார்ச்சில் மறுபடி சேலம் போன ஒரு நாள், தம்பி அவன் காரில் பின்னால் வந்தான். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நான் எப்போதும் குறைந்த கியரில், ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல் இறங்குவேன். இரட்டைப் பாலம் தாண்டி மிதித்தபோது பின்னால் நீலமாக ஒரு குப்பென்று புகை போனதாம். "அக்கா, கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி இருந்துச்சு." அதன் இயற்பியல் எளிது. காற்று உள்ளே போகும் வழியான த்ராட்டில் மூடியிருக்க இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் அதிகம். ரிங் வழியாகவோ, வால்வுத் தண்டில் ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் வழியாகவோ ஆயிலை அது உள்ளே இழுக்கிறது. அடுத்து மிதிக்கும்போது சேர்ந்தது எரிகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகை என்றால் பெரும்பாலும் வால்வு சீல் என்பார்கள். என் கார் காலையில் சுத்தமாக இருந்தது. ஆகவே ரிங் பக்கம் எனக்குச் சந்தேகம்.

தம்பியின் பேச்சு, தாள்கள், கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பெனி தலைமையகத்துக்கே எழுதினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தேன். கடைசியில் ஒரு வரி: இது தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். மூன்றாம் நாள் சர்வீஸ் சென்டரிலிருந்து போன். "மேடம், ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட் வச்சிக்கலாம்."

மேல் புள்ளிக்கு ஆயில் நிரப்பி, மூடி, ஃபில்டர், அடிப் போல்ட் மூன்றிலும் மஞ்சள் பெயின்ட் கோடு போட்டார்கள். யாராவது திறந்தால் கோடு விலகிவிடும். 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார்கள். 14,200-இல் ஆரம்பித்து 15,215-இல் போய் நின்றேன். பையன் ஒரு டின்னை எடுத்து, "அரை லிட்டர் கிட்ட புடிக்கும் மேடம்" என்று சாய்க்கப் போனான். நிறுத்தச் சொல்லிவிட்டு என் கைப்பையிலிருந்து 500 மில்லி அளவுஜாடியை எடுத்தேன். பள்ளிக்கூடத்துச் சொத்து இல்லை, என் காசில் வாங்கியது. மீச்சிற்றளவு 5 மில்லி. மேஜையில் வைத்து, கண்ணை மட்டத்துக்கு இறக்கி, ஆயிலின் மேல்மட்ட வளைவான பிறைத்தளத்தின் அடியைப் பார்த்து வாசிக்கச் சொல்லி அவனிடமே கொடுத்தேன். சுவரில் ஒட்டிய ஆயில் இறங்கும்வரை காத்திருக்கவும் சொன்னேன். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்குகள் வந்து கூடிவிட்டார்கள். ஒரு ஜாடி முழுசு, அப்புறம் 30. அந்தப் பையன் ஜாப் கார்டில் தன் கையால் 530 என்று எழுதினான். அதற்குப் பிறகு அவன் வாயில் நார்மல் வரவில்லை.

உடனே இன்ஜினைப் பிரித்துவிட மாட்டார்கள். முதலில் மலிவான சந்தேகம்: பிசிவி வால்வு. இன்ஜின் அடியில் சேரும் வாயுவை இன்டேக் பக்கம் திருப்பி அனுப்பும் சின்னச் சாமான். அது திறந்தபடி மாட்டிக்கொண்டால் ஆயில் ஆவியையும் சேர்த்து இழுக்கும். மாற்றினார்கள், மறுபடி 1,000 கிலோமீட்டர். இதற்குள் கோடை விடுமுறை வந்துவிட்டது. பள்ளி இல்லை, கிலோமீட்டர் ஏறமாட்டேன் என்கிறது. எண்ணுக்காகவே ஓட்டினேன். மாமாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி அணை, ஒகேனக்கல், காவேரிப்பட்டணம் போய் இரண்டு கூடை மாம்பழம். வீட்டில் அந்த மே மாதம்தான் எல்லோருக்கும் சந்தோஷமான மாதம். பெட்ரோல் செலவை மட்டும் நான் சொல்லமாட்டேன். முடிவு 490 மில்லி.

பிறகுதான் கம்பெனி ஆள் ஒருவர் நேரில் வந்தார். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்று பிஸ்கட் நிறம். மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் கறுத்து, ஈரமாக. சிலிண்டருக்குள் வாயுவை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷன் நான்கிலும் சரியாகவே இருந்தது. இது முதலில் எனக்குக் குழப்பம். கம்ப்ரஷனைப் பிடிப்பது மேலே உள்ள இரண்டு ரிங்குகள், ஆயிலை வழித்து இறக்குவது கீழே உள்ள மூன்றாவது ரிங், இதில் மேலே நல்லாயிருந்தும் கீழே கெட்டிருக்கலாம் என்று அவர் விளக்கினார். என்னிடமே பேசினார், சாரைத் தேடவில்லை.

முழு பிளாக்கையே மாற்றித் தரலாமா என்ற பேச்சும் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இன்ஜின் நம்பர் பிளாக்கில் பொறித்தது. அது மாறினால் ஆர்.சி. புத்தகத்தில் திருத்த வேண்டும், இன்ஷூரன்ஸில் திருத்த வேண்டும், நாளைக்கு விற்கும்போது ஒவ்வொருத்தரிடமும் கதை சொல்ல வேண்டும். சிலிண்டர் சுவரில் கீறல் இல்லையென்றால் பழைய பிளாக்கிலேயே பிஸ்டனும் ரிங்கும் போதும் என்றேன். மாமாவுக்குப் புது இன்ஜினில் கை வைப்பதே பிடிக்கவில்லை. "கம்பெனில கட்டுனது கம்பெனில கட்டுனதுதான்." ஆனாலும் பிரித்த அன்றைக்கு எனக்கு முன்னால் வந்து நின்றவர் அவர்தான்.

மெக்கானிக் நான்கு பிஸ்டனையும் ஒரு துணியில் வைத்திருந்தார். நகத்தால் ஆயில் ரிங்கை அழுத்திக் காட்டினார். முதல் பிஸ்டனில் உள்ளே போய் துள்ளி வெளியே வந்தது. மூன்றாவதில் அசையவே இல்லை. பள்ளத்தோடு ஒட்டிக் கிடந்தது. ரிங்குக்குப் பின்னால், வழித்த ஆயில் திரும்பி இறங்க ஊசி முனை அளவு துளைகள் இருக்கும். மூன்றாவதில் எல்லாம் கரி அடைத்து, துளை இருந்த இடமே தெரியவில்லை. மாமா கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு" என்றார். அட்வைசர் பையன், "வண்டி புதுசுல, ரன்னிங் இன் டைம்ல ஸ்பீடா ஓட்டினீங்களா மேடம்?" என்று ஆரம்பித்தான். கம்பெனி ஆள் அவனைப் பார்த்த பார்வையில் அதோடு விட்டுவிட்டான். ஒரே டிரைவர், ஒரே ரோடு. நான் ஓட்டியதில் தப்பென்றால் மூன்றாவது சிலிண்டர் மட்டுமா கெடும்?

எட்டு நாள் பென்னாகரத்துக்கு பஸ். மாற்று வண்டி கேட்டேன், கிடைக்கவில்லை. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் எரிந்து போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், வாரண்டி முடிவதற்குள் அதில் கோளாறு வந்தால் பொறுப்பு தங்களுடையது என்று எழுதி வாங்கினேன். அதற்கு மட்டும் நான்கு மின்னஞ்சல்.

இப்போது மீட்டர் 19,300. புது ரிங் படியும்வரை முதல் 1,000 கிலோமீட்டரில் 70 மில்லி போனது. அடுத்த 2,000-க்கும் சேர்த்து 60. வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது முன்பு இல்லாத ஒரு சன்னமான டிக்டிக் கேட்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. மாமா காதுக்குக் கேட்கவில்லை, தம்பிக்கும் கேட்கவில்லை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இடையில் என் கைக்காசில் வாங்கிய மூன்று லிட்டர் ஆயிலுக்கு 2,340 ரூபாய். ரசீதுகளை ஸ்கேன் எடுத்து அனுப்பி ஆறு வாரம் ஆகிறது. "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. எத்தனை நாளில் என்று எண் கேட்டு நேற்று மறுபடி எழுதியிருக்கிறேன்.