உலாவில் பெயரில்லாத ஏழு பெண்கள்

சோழர் அவையில் பாடிய காதல் பாட்டில் பெண்ணுக்கு என்ன வேலை என்று பார்க்க உலாவை எடுத்தால் போதும். அரசன் யானை மேல் தெருவில் வருகிறான், பார்த்த பெண்கள் மயங்குகிறார்கள். கதை அவ்வளவுதான். ஒட்டக்கூத்தர் இதையே விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் மூவருக்கும் ஆளுக்கொன்றாகப் பாடியது மூவருலா.

புதிதாகப் படிப்பவர்கள் தொடக்கத்தில் வரும் குலமுறையிலேயே களைத்துப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதைத் தாண்டி, ஏழு பருவப் பெண்களில் முதலாமவளான பேதையில் தொடங்குங்கள், முன்பகுதிக்குப் பிறகு திரும்பலாம். கலிவெண்பாவில் இரண்டிரண்டு அடியாக எதுகை கட்டி வரும் கண்ணிகள் இவை. கண்ணி முடிந்ததும் பொருளும் முடிந்தது என்று நிறுத்தினால் குழம்பும். வினைமுற்று பல கண்ணி தள்ளித்தான் வரும், அதுவரை மூச்சைப் பிடித்துப் படிக்க வேண்டும்.

பெண்கள் ஏழு பருவம். இத்தகைய நூல்வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களுக்குள் வயதுக்கணக்கு வேறுபடும். பரவலாகச் சொல்வது: பேதை 5-7, பெதும்பை 8-11, மங்கை 12-13, மடந்தை 14-19, அரிவை 20-25, தெரிவை 26-31, பேரிளம்பெண் 32-40. ஐந்து வயதுக் குழந்தையைக் காதல் பாட்டில் நிறுத்தியிருப்பது இன்று உறுத்தும். உறுத்தட்டும். பேதைக்குக் காமம் தெரியாது என்று புலவரே காட்டுகிறார், ஆனாலும் வரிசையில் அவளை விடவில்லை. இதை அக்காலப் பெண்களின் வாழ்க்கைக் குறிப்பாக எடுப்பது தவறு. இவர்கள் அரசியர் அல்லர், பொதுமகளிர் என்பது உரைமரபு. வளை கழல்வதும் மேகலை நெகிழ்வதும் பசலை படர்வதும் அரசன் பெருமையை அளக்கும் படிக்கற்கள். ஏழு பேரில் ஒருத்திக்கும் பெயர் கிடையாது.

ஏறக்குறைய அதே பன்னிரண்டாம் நூற்றாண்டில் தென் பிரான்சில், ஆக்சிதான் மொழியில், பெண்களே பாடியிருக்கிறார்கள். தியா என்ற ஊர்ப் பெயரால் அறியப்படும் கோமாட்டி ஒருத்தி, தன் அழகும் குலமும் மதிப்பும் இருந்தும் காதலன் செருக்கோடு ஒதுக்குகிறான் என்று நேராகவே கேட்கிறாள். பாட்டையே அவனிடம் தூது விடுகிறாள். அந்நாட்டுப் பெண் கவிகளின் பாட்டுகளில் மெட்டோடு நமக்குக் கிடைத்தது இந்த ஒன்றுதான்.

தருமபுரிக்காரர்கள் இதற்கு வியக்க வேண்டியதில்லை. தருமபுரியின் பழைய பெயரான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஔவையார் இருந்தார். சேலம் சாலையில் அதியமான்கோட்டையைக் கடக்கும் எல்லாருக்கும் நெல்லிக்கனி நினைவு வரும், புறநானூறு 91. அதே எண்ணில் குறுந்தொகையில் இருக்கும் ஔவையின் பாட்டை யாரும் சொல்வதில்லை. பரத்தை வீடு போகும் ஊரனுக்கு மனைவி என்றால் உன் நெஞ்சின் துயரம் பலவாகட்டும், 'சிலவா குகநீ துஞ்சு நாளே', நீ தூங்கும் நாள் சிலவாகட்டும், என்கிறது அது. எத்தனை சில? அஞ்சியின் போர்முனையில் கிடக்கும் ஊர் இரவில் எவ்வளவு தூங்குமோ அவ்வளவு.

உலாவில் அரசனுக்காகப் பெண் தூக்கம் இழப்பாள். இங்கே பெண்ணின் தூக்கத்தை அளக்க அரசன் உவமையாக வந்து நிற்கிறான், அதுவும் சோறு போட்ட அரசன். மழை போல் ஓயாமல் கொடுக்கும் கை என்று ஒரு வரி புகழ்ந்துவிட்டுத்தான், அவன் படை பக்கத்தில் இருந்தால் ஊர் கண்மூடாது என்கிறாள் ஔவை.