சர்ச்சிலில் பனிக்கரடிகள்: கூட்டமாகத் தெரிவது நல்ல சேதி இல்லை

கனடாவில் பனிக்கரடி பார்க்கச் சர்ச்சில் என்ற ஊருக்குப் போய்விட்டு, வின்னிபெக் நகரில் ரயிலை விட்டு இறங்கிய கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். சர்ச்சிலுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் நினைப்பு. ஆனால் கரடி பார்க்கக் கூட்டிப்போகும் டன்ட்ரா வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது இன்னும் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. காலையிலிருந்து கரடிகளை எண்ணிக்கொண்டே வந்தவர், மதியம் கேமராவை மூடிவைத்துவிட்டு, "இவ்வளவு கரடி இருக்கு. அழியுதுன்னு சும்மா கிளப்பிவிடறாங்க" என்றார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதலில் வழி. கனடாவின் மனிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது சர்ச்சில். சாலையே கிடையாது. விமானக் கட்டணம் என் பட்ஜெட்டுக்கு ஒத்துவரவில்லை, எனவே ரயில். வின்னிபெக்கிலிருந்து சுமார் 1,700 கிலோமீட்டர், இரண்டு இரவுகள். வழியில் தாம்சன் என்ற ஊரைத் தாண்டியதும் வண்டி ஊர்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் சதுப்பும் உறைமண்ணும். வேகம் எடுக்க முடியாத தரை அது. 2017 வெள்ளத்தில் பாதை அரித்துப்போய், ஒரு வருடத்துக்கும் மேலாக இந்த ஊருக்கு ரயிலே வரவில்லை. அதை நினைத்துக்கொண்டால் தாமதம் பெரிதாகத் தோன்றாது.

எரிச்சல் வந்தது ஸ்டேஷன் வாசலில். தங்குமிடம் கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஒருவர் வந்து, "தெருவில் கரடி வரும், நடக்காதீங்க" என்று காரில் ஏற்றினார். இறங்கும்போது 40 டாலர் கேட்டார்! தெருவில் கரடி வருவது உண்மை. ஓடி ஒளிய வேண்டியிருக்கும் என்றே இந்த ஊரில் பலர் கார் கதவைப் பூட்டாமல் விடுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் அதே பயத்தைக் காட்டிக் காசு பிடுங்குவது அநியாயம். தங்குமிடத்தில் முன்பே சொல்லிவைத்தால் அவர்களே வந்து அழைத்துப்போகிறார்கள்.

அன்று இரவு சாப்பிட்ட ஆர்க்டிக் சார் மீன் அந்தக் கோபத்தை ஆற்றியது. வெண்ணெயில் வாட்டியது, தோல் மொறுமொறுவென்று, உள்ளே இளஞ்சிவப்பாக. கூடவே சூடான பானக் ரொட்டி. விலை அதிகம்தான், ஆனால் கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

மறுநாள் டன்ட்ரா வண்டி. ஆள் உயரத்துக்குச் சக்கரம் வைத்த பேருந்து மாதிரி இருக்கும். ஒரு பகலுக்கு 500 கனடிய டாலருக்கு மேல் ஆனது. பயணத்திலேயே பெரிய செலவு இதுதான். பின்பக்கம் ஒரு திறந்த மேடை, தரை முழுக்க இரும்புக் கம்பி வலை. ஒரு இளம் கரடி வண்டிக்கு அடியில் நுழைந்து, அந்த வலை வழியாக என் பூட்ஸை மோந்து பார்த்தது. கறுத்த மூக்கு, ஈரமான மூச்சு, கம்பியில் உறைந்துபோன துளிகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்துப் பார்த்ததுதான் விஷயம். கரையில் ஒரு தாயும் குட்டியும். தாய், அலை ஒதுக்கிப்போட்ட கடல்பாசியைக் காலால் கிளறி மென்றுகொண்டிருந்தது. இடுப்பெலும்பு தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டு தெரிந்தது. குட்டி பாலுக்கு முட்டியது. தாய் எழுந்து நகர்ந்துவிட்டது. குட்டி மறுபடி போய் முட்டியது, மறுபடியும் நகர்ந்தது. நிலத்தில் பட்டினி நீளும்போது தாய்க்கரடிகள் பால் கொடுப்பதைக் குறைத்துக்கொள்கின்றன, சில நிறுத்தியே விடுகின்றன என்று வழிகாட்டி சொன்னார்.

பனிக்கரடிக்குச் சோறு போடுவது கடல்பனி, அதாவது கடல் மேற்பரப்பு உறைந்து உண்டாகும் பனி. சீல்கள் (கடல்நாய்கள்) மூச்சுவிட வரும் பனித் துளைக்குப் பக்கத்தில் கரடி அசையாமல் காத்திருந்து அடிக்கும். திறந்த தண்ணீரில் சீலைத் துரத்திப் பிடிப்பது அபூர்வம். வசந்தத்தில் சீல் குட்டிகள் பால் குடித்துக் கொழுத்து, உடம்பில் பாதி கொழுப்பாகவே இருக்கும். கரடிக்கு அதுதான் அறுவடைக் காலம். 1980களோடு ஒப்பிட்டால் இங்கே பனி இல்லாத காலம் மூன்று நான்கு வாரம் நீண்டிருக்கிறது. பனி சீக்கிரம் உடைந்தால் பறிபோவது வருடத்திலேயே கொழுத்த வாரங்கள். இலையுதிர்காலத்தில் பனி தாமதமாக வந்தால் காத்திருப்பும் நீள்கிறது. இரண்டு பக்கமும் இடி.

"பெர்ரியும் பறவையும் தின்று சமாளிக்காதா?" என்று வண்டியில் ஒருவர் கேட்டார். இதே பகுதியில் 20 கரடிகளின் கழுத்தில் கேமராப் பட்டை கட்டிப் பார்த்திருக்கிறார்கள், 2024-ல் முடிவு வெளியானது. பெர்ரி, புல், பறவை, எலும்பு என்று கிடைத்ததையெல்லாம் தின்று பார்த்தும் 19 கரடிகள் இளைத்தன. பெரும்பாலானவை ஒரு நாளைக்கு ஒரு கிலோ கணக்கில் எடை இழந்தன. தேடி அலைவதிலேயே தின்றது கரைந்துவிடுகிறது.

இப்போது பக்கத்து இருக்கைக்காரருக்கு வருகிறேன். சர்ச்சில் ஆற்றின் நன்னீர் கலப்பதாலும், நீரோட்டம் பனியை இந்தக் கரைக்குத் தள்ளுவதாலும் விரிகுடா இங்கே முன்னதாக உறைகிறது. அதனால்தான் அக்டோபர், நவம்பரில் கரடிகள் இங்கே வந்து குவிகின்றன. பனிக்காகப் பட்டினியோடு காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து எண்ணிக்கை பெருகிவிட்டது என்றால் எப்படி? கண்ணால் காண்பதும் பொய் என்பது இந்த ஊருக்கு அப்படியே பொருந்தும். மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 1980களில் சுமார் 1,200 கரடிகள். 2016-ல் 842. 2021-ல் 618. தெற்கு ஹட்சன் விரிகுடாவில் 2021 கணக்கெடுப்பில் எண்ணிக்கை கூடியிருந்தது. சில கரடிகள் அங்கே நகர்ந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதற்காக மேற்கில் நாற்பது வருடமாக நடப்பது மறைந்துவிடாது.

ஊருக்குள் புகும் கரடிகளை அடைத்துவைக்க, பழைய ராணுவக் கொட்டகை ஒன்றில் கூண்டறைகள் இருக்கின்றன. எல்லோரும் அதைக் கரடி ஜெயில் என்கிறார்கள். உள்ளே தண்ணீர் மட்டும்தான், தீனி கிடையாது. சாப்பாடு கிடைக்கும் என்று பழகிவிட்டால் திரும்பத் திரும்ப வரும். பிறகு ஹெலிகாப்டரில் வடக்கே கொண்டுபோய் விடுகிறார்கள், அல்லது பனி உறையும்வரை வைத்திருக்கிறார்கள். நிலத்தில் இருக்கும் நாள் கூடக்கூட, ஊர்ப்பக்கம் வரும் கரடிகளால் இந்த மக்களுக்கும் நிம்மதி இல்லை.

மீதிச் செலவு விவரம்: நவம்பருக்கு அறை வேண்டுமென்றால் ஒரு வருடம் முன்பே போட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் வாயில் வந்த விலை. ரயிலில் இருக்கை எடுத்தால் போதும், படுக்கைப் பெட்டி பல மடங்கு. சாப்பாட்டுக்கு வின்னிபெக்கிலேயே மூட்டை கட்டிக்கொள்ளுங்கள். இரவில் தனியாகக் கரைப்பக்கம் போகவே கூடாது.

டன்ட்ரா வண்டிக்குக் காசு கட்டும்முன் ஒன்று கேளுங்கள். எங்கள் வழிகாட்டிக்குப் பனி பற்றி எல்லாம் தெரிந்திருந்தது, ஆனால் யாராவது கேட்டால்தான் வாய் திறந்தார். 500 டாலருக்கு மேல் வாங்கும் வண்டியில் அதை மைக்கில் எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். வழிகாட்டி கடல்பனி பற்றிப் பேசுவாரா என்று கேட்டு, பதில் மழுப்பலாக வந்தால் வேறு வண்டி பாருங்கள்.