பார்வதியின் முன் ஓர் அம்மம்மா

கொழும்பில் உயர்தர மாணவருக்குச் சித்திரம் கற்பிக்கும் நான், கலை வரலாற்றுப் பகுதியைப் பல ஆண்டுகளாகக் குறிப்புக் கொடுத்தே முடித்துவந்தேன். 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலைக்கு அழைத்துச் சென்றபோதும், பிள்ளைகள் விளக்கப் பலகைகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்களே தவிர, சிலைகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிழை என்னுடையதே.

அடுத்த முறை, வீட்டிலிருந்தோ அயலிலிருந்தோ பெரியவர் ஒருவரையும் கூட்டிவருமாறு கேட்டேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் அம்மம்மா, பொலன்னறுவையில் கண்டெடுக்கப்பட்ட பார்வதியின் வெண்கலப் படிமத்தின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "அம்பாளுக்கு ஒரு சேலைகூடச் சாத்தாமல் வைச்சிருக்கினமே" என்றார். கோயிலில் பட்டும் மாலையும் மறைத்துவிடும் இடை வளைவை நூதனசாலையில்தான் முழுமையாகக் காண முடிகிறது என்பதும், அதற்காக அம்பாள் தன் அலங்காரத்தையும் பூசையையும் இழந்திருக்கிறாள் என்பதும் அந்த ஒரு பேச்சிலேயே பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டன. வழிபடு பொருள் காட்சிப்பொருளாகும்போது என்ன நேர்கிறது என்பதை நான் எத்தனையோ பாடவேளைகளில் சொல்லியும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

செட்டியார் தெருவில் நகை வேலை செய்யும் ஒரு தந்தை, மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றும் முறையை விளக்கி, அச்சை உடைத்தே படிமத்தை எடுப்பதால் அதே அச்சில் இன்னொன்று வராது என்றார். அதன் பின்னர் எழுதிய விடைகளில் "அழகிய வேலைப்பாடு" என்ற வெற்றுத் தொடர் குறைந்து, செய்முறையும் உடலின் நிலையும் இடம்பெற்றன.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் முதல் அரை மணி நேரம் பேசாதிருக்க வேண்டும், அதுவே கடினம். பெரியவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே குறிக்கச் செய்து, ஆண்டு, அரசர் போன்ற விபரங்களைப் பின்னர் நூலுடன் ஒப்பிடச் செய்யுங்கள். நம்பிக்கையையும் வரலாற்றுத் தகவலையும் பிரித்தெழுதும் பழக்கம் பரீட்சைக்கு மிகவும் உதவும்.

அடுத்த தவணையில் 1409ஆம் ஆண்டுக்குரிய காலி மும்மொழிக் கல்வெட்டின் முன் கூடவிருக்கிறோம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லும் அந்தக் கல்லைப் பார்க்க, இம்முறை சிங்கள, முஸ்லிம் அயலவர்களையும் அழைத்திருக்கிறோம்.