டெல் இன்ஸ்பிரான் 1525-க்கு எந்த லினக்ஸ்?

கையில் இருப்பது: கோர் 2 டுவோ டி5750 புரொசஸர், 2 ஜிபி டிடிஆர்2 ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2008 வாக்கில் வந்த மாடல். வேண்டியது மெயில், இரண்டு மூன்று டேப், லிப்ரேஆபீஸில் கடிதம், அவ்வளவுதான்.

முதலில் விண்டோஸ் கணக்கைத் தீர்த்துவிடலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. குறுக்குவழியில் 11-ஐ ஏற்றலாம் என்பார்கள். 24எச்2 பதிப்பிலிருந்து இந்த புரொசஸரில் அது பூட்டே ஆகாது. அந்தப் பதிப்புக்கு வேண்டிய எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் என்ற புரொசஸர் கட்டளைகள் இரண்டும் இதில் கிடையாது. டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) சோதனையை ஏமாற்றலாம். புரொசஸரில் இல்லாததை எங்கே போய் வாங்குவது? லினக்ஸ் வகைகளில் ஆல்மாலினக்ஸ் 9, ஓப்பன்சூசே லீப் 16 இரண்டும் இதே ரகத்துச் சிக்கலால் கழிந்தன. குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் குறைந்தது 4 ஜிபி ராம் கேட்கிறது. மிஞ்சியவை டெபியன் லினக்ஸும் அதை வைத்துச் செய்த அதன் பிள்ளைகளும்.

பழசு என்றாலே 32 பிட் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் கோப்பை) இறக்குகிற பழக்கம் பலருக்கு உண்டு. கோர் 2 டுவோ 64 பிட் புரொசஸர். 32 பிட்டோடு நின்றது அதற்கு முந்தைய கோர் டுவோ. டெர்மினலில் எல்எஸ்சிபியு அடித்தால் முதல் இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும். இது ஏன் முக்கியம் என்றால், டெபியன் 13-ல் 32 பிட் இன்ஸ்டாலர் இல்லை. லினக்ஸ் 32 பிட்டுக்கு ஃபயர்பாக்ஸ் 144-தான் கடைசி. வேறு வழியே இல்லாத மெஷினுக்கு மட்டும் டெபியனின் இலகுவான பிள்ளையான ஆன்டிஎக்ஸ் 23-ன் 32 பிட் பதிப்பு.

பென்டிரைவ் தயார் செய்யும்போது அதை எழுதும் ரூஃபஸ் மென்பொருளில் எம்பிஆர் தேர்வு செய்யுங்கள், எந்த முறையில் எழுத என்று கேட்டால் டிடி முறை. இந்த லேப்டாப்பில் இருப்பது பழைய பயோஸ், அதற்குப் பின் வந்த யுஇஎஃப்ஐக்கு மட்டும் என்று எழுதிய பென்டிரைவை இது கண்டுகொள்ளாது. எஃப்12 அழுத்தினால் பூட் மெனு வரும்.

ஆன்டிஎக்ஸ் 23-ஐ (64 பிட்) லைவாக (இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே) ஓட்டிப் பார்த்ததில், அதன் டெஸ்க்டாப்பான ஐஸ்டபிள்யூஎம் திரை வந்து நின்றதும் ராம் செலவு ஏறத்தாழ 200 எம்பி. டெபியன் 13-ல் எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப் 400-ஐத் தாண்டியது, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் இன்னும் கொஞ்சம் மேலே. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். ஆனால் ஃபயர்பாக்ஸில் மெயிலும் ஒரு செய்தித்தளமும் திறந்தால் ஒரு ஜிபி அங்கேயே காலி. டெஸ்க்டாப்பில் மிச்சம் பிடித்த 200 எம்பி அரை டேப்புக்குக்கூடக் காணாது. ஆன்டிஎக்ஸ் மெனு வேறு திருவிழாக் கடை மாதிரி. எதை எங்கே தேடுவது என்று பழக நாளாகும். வீட்டில் மற்றவர்களும் தொடப்போகிற மெஷின் என்பதால் என் தேர்வு டெபியன் 13, எல்எக்ஸ்க்யூடி. இன்ஸ்டாலரில் மென்பொருள் தேர்வுத் திரை வரும்போது கனமான ஜினோம் டெஸ்க்டாப்பின் டிக்கை எடுத்துவிட்டு எல்எக்ஸ்க்யூடிக்குப் போடுங்கள். அவசரத்தில் எண்டர் தட்டினால் ஜினோம் வந்து உட்கார்ந்துவிடும்.

2 ஜிபி ராமில் டெபியன் 13 வைப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி கோப்புறை. இந்தப் பதிப்பிலிருந்து அது டிஸ்கில் இல்லாமல் ராமில் உட்காருகிறது, ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளலாம். பெரிய ஜிப்பை அங்கே விரித்தால், காரணமே தெரியாமல் எல்லாம் இழுக்கும். ரூட்டாக 'சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டிஎம்பி.மவுண்ட்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி டிஸ்குக்குப் போய்விடும்.

அடுத்தது இசட்ராம், அதாவது ராமில் இருப்பதைச் சுருக்கி வைத்து இடம் மிச்சம் பிடிக்கும் வசதி. இசட்ராம்-டூல்ஸ் பேக்கேஜைப் போட்டு, அதன் கான்ஃபிக் கோப்பில் பெர்சென்ட் 50, அல்காரிதம் எல்இசட்4. இசட்எஸ்டிடி என்ற இன்னொரு அல்காரிதம் இன்னும் நன்றாகச் சுருக்கும், ஆனால் இந்த புரொசஸருக்கு அந்த வேலை பாரம். ஃபயர்பாக்ஸில் விளம்பரத்தைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜினைப் போடுங்கள். முகவரிப் பட்டையில் அடித்துத் திறக்கும் அபவுட்:கான்ஃபிக்கில் 'டோம்.ஐபிசி.பிராசஸ்கவுண்ட்.வெப்ஐசொலேட்டட்' மதிப்பை 4-லிருந்து 1 ஆக்கினால் ஒரே தளத்தின் பல டேப்கள் ஒரு பிராசஸிலேயே ஓடும்.

இத்தனைக்கும் மேல் பலன் தந்தது ஹார்ட் டிஸ்கை மாற்றியதுதான். சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே பொருந்துகிறது. அதன் முழு வேகத்துக்கு இந்த போர்டு ஈடுகொடுக்காது; பரவாயில்லை, பழைய டிஸ்கில் தாமதமே சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடுவதில்தான். பட்ஜெட்டில் இன்னும் இடம் இருந்தால் 2 ஜிபி டிடிஆர்2 லேப்டாப் ராம் இரண்டு. 4 ஜிபிதான் இதன் உச்சம். 667 வேக ராம் கிடைக்காமல் 800 கிடைத்தால் வாங்கலாம், 667-ல் ஓடும்.

மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்டி அப்டேட்டில் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்ற எரரும், பிரவுசரில் சான்றிதழ் எரரும் சேர்ந்து வந்தால் நெட்டைத் திட்டாதீர்கள், தேதியைப் பாருங்கள். பயோஸ் பேட்டரி செத்து, கடிகாரம் பின்னுக்குப் போயிருக்கும்.

வைஃபைதான் கடைசி முடிச்சு. உள்ளே இருப்பது பிராட்காம் பிசிஎம்4312. அதை இயக்கத் தேவையான ஃபர்ம்வேரை டெபியன் தன்னோடு சேர்த்துத் தர உரிமம் இல்லை. நெட்டிலிருந்துதான் இறங்க வேண்டும், நெட்டுக்கோ வைஃபை வேண்டும். வழி: லேன் கேபிள், அல்லது ஆண்ட்ராய்டு போனில் யுஎஸ்பி டெதரிங். ஆப்டியின் சோர்சஸ் பட்டியலில் கான்ட்ரிப் பிரிவைச் சேர்த்து, அப்டேட் செய்து, 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' போட்டு ரீஸ்டார்ட். பிராட்காம்-எஸ்டிஏ என்ற இன்னொரு டிரைவர் வேண்டாம், கெர்னல் மாறும்போது அதை மறுபடி உருவாக்கும் டிகேஎம்எஸ் பில்டு உடைவது வாடிக்கை, பி43 டிரைவரையும் அது தடைப்பட்டியலில் போட்டுவிடும். இந்தக் கார்டு 802.11ஜி வரைதான், 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. ரௌட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸை அணைத்து வைத்திருந்தால், எத்தனை முறை தேடினாலும் பட்டியலில் உங்கள் வைஃபை பெயர் வராது.