சம்பளம் எழுதுகிறேன்

நம் ஆங்கில சார் போன மார்கழியில் காலமானார். நம் பழைய மாணவர் சங்க மலருக்கு அவரைப் பற்றி யாராவது எழுதவேண்டும் என்று சங்கத்தில் பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைக் கைகாட்டினார்களாம், "சம்பளம் எழுதட்டும்" என்று. இந்தப் பட்டப்பெயரின் கதை நம் செட்டுக்குத் தெரியும். ஜூனியர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

பிளஸ் ஒன், சாப்பாட்டு பெல்லுக்கு முந்தைய பீரியட். கரும்பலகையில் யாரோ சாரை வரைந்திருந்தார்கள். சும்மா இல்லை, மூக்கு நுனிக்கு வழுக்கி வந்து நிற்கிற கண்ணாடி, காதோரம் கிளம்பி நிற்கும் நாலு முடி, சட்டைப் பையில் இரண்டு பேனா, எல்லாம் அப்படியே அசல். லீடர் என்ற பாவத்துக்கு அதை அழிக்க நான் போய் நிற்கவும் சார் உள்ளே வரவும் சரியாக இருந்தது. என் கையில் இருந்த டஸ்டரை அவர் பார்க்கவில்லை, விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத்தான் பார்த்தார். பெஞ்சு மேல் ஏறச் சொன்னார், படத்தை யாரும் தொடக்கூடாது என்றார். பீரியட் முழுக்க அந்தப் பக்கம் படம், இந்தப் பக்கம் நான். வராந்தாவில் போன ஒன்பதாம் வகுப்புப் பொடியன்கள்கூட நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெல் அடித்ததும் சார், "திஸ் வில் பி சால்யுட்டரி ஃபார் யூ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "டேய், அவனுக்கு சாலரி குடுக்கப் போறாராம்டா!" அவ்வளவுதான், அன்றிலிருந்து நான் சம்பளம்.

மறுநாள் சார் பாடமே எடுக்கவில்லை. சால்யுட்டரி என்ற அந்த ஒரு சொல்லைப் பலகையில் எழுதிவைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஆதியில் அதற்கு உடம்புக்கு நல்லது என்றுதான் பொருளாம். 'சாலுஸ்' என்றால் லத்தீனில் ஆரோக்கியம், க்ஷேமம். அதே பெயரில் ரோமாபுரியில் ஒரு பெண் தெய்வம், கி.மு. 302லேயே அவளுக்குக் குவிரினல் குன்றில் கோயில். பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் சொல் இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்தது. நாம் அடிக்கிற சல்யூட்டும் அதே வம்சம்தான், எதிரே வருகிறவனை நன்றாக இரு என்று வாழ்த்துவது. ஆனால் இப்போது அந்தச் சொல்லை நல்லது எல்லாவற்றுக்கும் போட்டுவிட முடியாது, படும்போது கசந்து பிறகு பலன் கொடுக்கிறதே, நிலவேம்புக் கஷாயம் மாதிரி, பெரும்பாலும் அதற்குத்தான் போடுவார்கள் என்றார். "அப்புறம், சாலரி" என்று நிறுத்தி என்னைப் பார்த்தார். அது வேறு குடும்பம், உப்பைக் குறிக்கும் 'சால்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் சம்பளத்தையும் சம்பா நெல், அளத்து உப்பு என்று பிரிக்கிறவர்கள் உண்டு, தமிழ் ஐயாவைக் கேள் என்றார். ஆக, என் பட்டப்பெயர் ஸ்டாஃப் ரூம் வரை போயிருந்தது!

மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. படம் நான் போட்டதில்லை என்று அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கஷாயம் சரி சார், காய்ச்சல் எனக்கா இருந்தது?

ஆனாலும் அந்த மனிதரை வெறுக்க முடியவில்லை, அதற்குக் காரணம் லைப்ரரி பீரியட். பழைய புத்தகக் கடைகள் நிறைந்த மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய தடித்த லத்தீன் அகராதி மேல் தலையைச் சாய்த்துக் கண்ணயர்ந்துவிடுவார். ஹெட்மாஸ்டர் ஒருநாள் கேட்டேவிட்டார். சார் அசரவில்லை, பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் 1775இல் பார்லிமெண்டில் பேசியதை எடுத்துவிட்டார். அமெரிக்கக் காலனிகள் செழித்தது பிரிட்டன் அவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டதால்தான் என்று பர்க் சொல்கிற இடத்தில் அந்தக் கண்டுகொள்ளாமைக்கு முன்னால் இதே சால்யுட்டரி வருகிறது. பையன்களையும் அப்படித்தான் விட்டிருக்கிறேன் என்றார். நான் உருப்படியாகப் படித்ததெல்லாம் அவர் தூங்கிய அந்த நேரங்களில்தான். 1985 மே மாதம், நாங்கள் பிளஸ் டூ எழுதி முடித்திருந்தோம், மூர் மார்க்கெட் எரிந்துபோனது. எங்கள் ரிசல்ட்டைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

1989இல் அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்க சிபாரிசுக் கடிதம் கேட்டு மேற்கு மாம்பலம் வீட்டுக்குப் போனேன். மணிமணியான கையெழுத்தில் எழுதி மடித்துக் கொடுத்துவிட்டு, "போய்த்தான் ஆகணுமா?" என்றார். நான் முழிப்பதைப் பார்த்து, "அங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்டா. நீ போய் என்ன பண்ணப்போற?" என்றார். ஜோக் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன்.

அதற்கப்புறம் எத்தனையோ டிசம்பரில் சென்னை வந்தாயிற்று. சபா கேன்டீன், தி. நகர் ஜவுளி, முழு உடல் செக்கப், எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. தி. நகரிலிருந்து துரைசாமி சப்வேயைத் தாண்டினால் சார் வீடு. அடுத்த வருஷம் போகலாம் என்றே போய்விட்டது. போயிருந்தாலும் அவர் கேட்டதற்கு என்ன சொல்லியிருப்பேன்? முப்பது வருஷத்துக்கு மேல் நியூஜெர்சியில் இன்ஷூரன்ஸ் ரிப்போர்ட் எழுதினேன், பெயருக்கேற்ற சம்பளம், ஆனால் அந்த ரிப்போர்ட்டுகளை யாரும் முழுசாகப் படித்ததாகத் தெரியவில்லை. ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்திருக்கலாம் என்று எப்போதாவது தோன்றும், வீட்டுக்கடன் ஞாபகம் வந்ததும் போய்விடும்.

கடைசியாக ஒரு விஷயம். அன்றைக்குப் படம் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். ஐயா இப்போது இந்த மலரின் ஆசிரியர் குழுவில்தான் இருக்கிறார். இந்தப் பத்தியை வெட்டாமல் போட்டால் காட்டிக்கொடுக்க மாட்டேன். மலரில் போட சாரின் நல்ல போட்டோ ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று சொல்கிறார்கள், அதனால் அவரே மறுபடி ஒருமுறை வரைந்து கொடுக்கட்டும். அந்த நாலு முடியை மறக்கவேண்டாம்.