ஒரு மதகுக்காகத் தகவல் கேட்ட கதை

எங்கள் ஒழுங்கை இலங்கையின் திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் இருக்கிறது. நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும் வழியில் ஒரு வடிகான் குறுக்கே ஓடுகிறது. அதன் மேலிருந்த பழைய மதகை 2024 மாசி மாதம் உடைத்தார்கள். ஒரு வரிசைச் சீமெந்துக் குழாய் இறக்கி மேலே கொங்கிறீட் போட்டார்கள். இரண்டு பக்கமும் காப்புச் சுவர் எழுப்பக் கம்பி கட்டினார்கள். அதன் பிறகு ஒருவரும் வரவில்லை. கார்த்திகைக் கடைசியில் அடித்த மழையில் ஒழுங்கை எது, வடிகான் எது என்று தெரியாமல் வெள்ளம் நின்றது. மாலை வகுப்பு முடிந்து வந்த பக்கத்து வீட்டுச் சிறுவன் சைக்கிளோடு அதற்குள் விழுந்தான். துருப்பிடித்த கம்பி தொடையைக் கிழித்தது, ஒன்பது தையல். அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன முச்சக்கர வண்டியில் அவனுடைய காலைச் சாரத்தால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் இருந்தேன்.

அந்த ஆண்டு முழுவதும் சந்தித் தேநீர்க்கடையில் தேர்தல் பேச்சுத்தான். செப்டெம்பரில் சனாதிபதித் தேர்தல், நவம்பர் 14ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தல். யார் வருவார், தமிழர் யாரோடு நிற்க வேண்டும், திருகோணமலைக்கு ஒரு தமிழ்ப் பிரதிநிதி மிஞ்சுவாரா என்றெல்லாம் பேசினோம். நானும்தான் பேசினேன், அவையெல்லாம் பேச வேண்டிய விடயங்களே. ஆனால் அந்த மதகைப் பற்றி முறையிட எங்களுக்கு ஒரு வட்டார உறுப்பினர்கூட இருக்கவில்லை. 2023 மார்ச் 9ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நிதி இல்லையென்று தள்ளிப்போனது. அதே மாதம் சபைகளின் காலமும் முடிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அதிகாரிகள்தான் சபைகளை நடத்தினார்கள். ஓர் ஊரை இப்படி வாயில்லாமல் வைத்திருப்பது பெரிய அநியாயம். அதைப் பற்றி நாடு போதிய அளவு கோபப்படவில்லை என்பது இன்றும் என் எண்ணம்.

சிறுவனுக்குத் தையல் போட்ட மறுநாள் தேநீர்க்கடையில் எல்லாரும் ஒரே குரலில், "காசை அடித்துவிட்டார்கள்" என்றார்கள். யார் அடித்தது, எவ்வளவு என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் தபால் கந்தோரில் வேலை செய்தவன் நான். திகதி முத்திரை இல்லாத பேச்சில் எனக்கு மனம் நிற்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பார்ப்போம் என்று அன்றுதான் தீர்மானித்தேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்நாட்டுக் குடிமகன் எவரும் எந்த அரச அலுவலகத்திடமும் கேட்கலாம். அங்கே அதற்கென்று ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் கடைசி வாரம், வேலைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் மான்கள் இரண்டு படுத்திருந்தன. நம் ஊரில் அவற்றுக்கு எந்தக் கந்தோரும் தடையில்லை. முன்மேசையில் இருந்தவர் விண்ணப்பத்தைத் தொடாமலே "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்றார். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது என்றேன். அவர் முகம் மாறியது. எனக்கும் நெஞ்சு படபடத்தது. இத்தனை காலம் மேசைக்கு உள்ளே இருந்துவிட்டு வெளியே நின்று பேசுவது இலேசான காரியமில்லை.

உள்ளே தகவல் அலுவலராக இருந்தவர் ஓர் இளம் சிங்களப் பெண். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். நான் ஐந்து கேள்விகள் எழுதியிருந்தேன். ஏன் வேலை நின்றது? ஏன் ஒரு வரிசைக் குழாய் மட்டும்? ஏன் யாரும் வந்து பார்க்கவில்லை? இப்படியே ஐந்தும். அவர் பேனையின் பின்முனையை முதலாவது 'ஏன்' மேல் வைத்தார்.

"ஐயா, ஏன் என்று கேட்டால் இங்கிருந்து ஒரு வரியில் ஏதாவது எழுதி அனுப்பிவிடுவார்கள். எந்தக் கடதாசி வேண்டும் என்று கேளுங்கள். கடதாசி இருந்தால் தரத்தான் வேண்டும்."

அந்த மேசையிலேயே இருந்து திருப்பி எழுதினேன். மதகு வேலையின் மதிப்பீட்டுப் பிரதி. திருத்திய மதிப்பீடு ஏதும் இருந்தால் அதன் பிரதி. ஒப்பந்தப் பிரதி. வேலையைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கைகள். கொடுப்பனவு விவரம். அந்தப் பிள்ளை தேடிப் பார்த்து, வேலையின் இலக்கத்தையும் மேலே எழுதச் சொன்னார். விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துச் சான்றையும் கேட்காமலே தந்தார். தேநீர்க்கடையில் நாங்கள் ஒரு வருடமாக 'ஏன்' மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனதில் ஓடியது.

பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். போயா (பௌர்ணமி) விடுமுறையையும் பொங்கலையும் கழித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நாளில் ஒரு கடிதம் வந்தது. மூன்று வரி, முழுக்கச் சிங்களத்தில். கையொப்பமிட்டவர் வேறோர் அதிகாரி. வேலை பார்த்த காலத்தில் படித்த சிங்களம் எனக்கு விளங்கும். 'தகவல் திரட்டப்படுகிறது' என்பதுதான் செய்தி. ஆனால் அந்தச் சிறுவனின் தாய்க்கு அது விளங்காது. 1956 ஆவணியில் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு கூட்டியபோது, நடந்து வந்தவர்களுக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுத்த இளைஞர்களில் என் அப்பாவும் ஒருவர். அன்று கேட்டது மொழிக்குச் சம உரிமை. தமிழும் அரச கரும மொழி என்பது 1987இல் அரசியலமைப்பில் ஏறியது, வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும் தமிழ். எழுத்தில் இருப்பதைத் தபாலுறைக்குள் வரவைக்க இன்னும் நாங்கள்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்தது மேன்முறையீடு. பதினான்கு நாட்களுக்குள், அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு. கட்டணம் இல்லை. இரண்டு குறைகளை எழுதினேன்: கேட்ட பிரதிகள் வரவில்லை, தமிழில் எழுதியவனுக்குத் தமிழில் பதில் வரவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவருக்கு மூன்று வாரம் உண்டு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. இருபதாம் நாள் தமிழில் ஒரு கடிதமும் ஏழு பக்கப் பிரதிகளும் வந்தன. முதல் நான்கு பக்கங்களுக்குக் கட்டணம் கிடையாது. மற்ற மூன்றுக்கும் சில்லறைதான் போனது.

மதிப்பீடு ஆங்கிலத்தில் இருந்தது. ஆசிரியையாக இருக்கும் மருமகள் வரி வரியாக வாசித்துச் சொன்னாள். இரண்டு வரிசைக் குழாய் என்றுதான் முதல் மதிப்பீட்டில் இருந்தது. பிறகு விலையேற்றத்தைக் காட்டி ஒன்றாகக் குறைத்திருக்கிறார்கள். அதற்குக் கையொப்பமும் திகதியும் இருந்தன. ஆக, அந்த இடத்தில் ஒருவரும் காசை அடிக்கவில்லை. தேநீர்க்கடையில் அதைச் சொன்னபோது சிலருக்கு ஏமாற்றமாக இருந்ததைப் பார்த்தேன். ஆனால் ஆறாம் பக்கத்தில், காப்புச் சுவர் இரண்டு பக்கமும் முடிந்ததாகப் பார்வையிட்டவர் எழுதியிருந்தார். அதற்குப் பணமும் கொடுபட்டிருந்தது.

அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மதகுக்குப் போனோம். மேசன் வேலை செய்யும் எதிர்வீட்டுத் தம்பி அளவு நாடாவை இழுத்துப் பிடித்தார். கட்டாத சுவரை எதில் அளப்பது? கம்பி நிற்கும் நீளத்தை அளந்தோம். அறிக்கையில் இருந்த நீளத்தோடு விரல்கடை பிசகாமல் ஒத்துவந்தது. அந்தக் கம்பியோடு வைத்தே ஆறாம் பக்கத்தைப் படம் எடுத்தோம். படத்தையும் அளவையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதி, ஒழுங்கையில் உள்ள இருபத்தொரு வீட்டாரிடமும் கையொப்பம் வாங்கி அனுப்பினேன்.

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் ஒருவாறு வந்தது. அதற்கு முன் வாக்குக் கேட்டு வந்த ஒவ்வொரு வேட்பாளரிடமும் ஏழு பக்கங்களின் பிரதியைக் கொடுத்தேன். பலர் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்கள். ஒரு பெண் வேட்பாளர் மட்டும் மதகடியில் நின்றே ஆறாம் பக்கம் வரை வாசித்துவிட்டு, "சுவருக்குக் காசு கொடுத்த திகதி எங்கே ஐயா?" என்று கேட்டார். அது அந்த ஏழு பக்கங்களில் இல்லை. நான் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

ஆனியில் இரண்டு மேசன்மார் வந்து மேற்குப் பக்கச் சுவரைக் கட்டினார்கள். கிழக்குப் பக்கக் கம்பியைச் சாக்கால் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார்கள். சிறுவன் விழுந்தது கிழக்குப் பக்கத்தில்தான். கொடுப்பனவுச் சிட்டையின் பிரதியையும் திகதியையும் கேட்டு இரண்டாவது விண்ணப்பம் எழுதிவிட்டேன். இந்த முறை விண்ணப்பதாரர் பெயர் அவனுடைய தாயின் பெயர். திங்கட்கிழமை அவரே கொண்டுபோய்க் கொடுக்கிறார்.